முந்நூற்றெண்பது கிராம்

கத்திரி தொடங்கிய மூன்றாம் நாள் என் காரின் ஏ.சி. வெறும் மின்விசிறியாகிவிட்டது. ஒத்தக்கடையில் வீடு, மேலூர்ப் பக்கம் பள்ளிக்கூடம். போக வர ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். அன்று யானைமலையைத் தாண்டுவதற்குள்ளேயே சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மாலையில் ஆய்வகத்திலிருந்து ஒரு தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து காற்று வரும் துவாரத்தில் செருகிப் பார்த்தேன். வேதியியல் வாத்தியார்களுக்கு இந்தப் புத்தி போகாது. வெளியே 39 டிகிரி, துவாரத்தில் 24. குளிர்கிறது என்றும் சொல்ல முடியாது, குளிரவில்லை என்றும் அடித்துச் சொல்ல முடியாது.

எனக்கு மட்டும் என்றால் கண்ணாடியை இறக்கிவிட்டு ஆடி வரை ஓட்டியிருப்பேன். மாமியாருக்குச் சர்க்கரை, கூடவே இரத்த அழுத்தம். வியாழன்தோறும் ஊருக்குள் மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டும். போன வருடம் இதே வெயிலில் காரிலேயே தலைசுற்றிச் சாய்ந்துவிட்டார். "ஏ.சி.யைச் சரிசெய்யாமல் அம்மாவை இந்த வண்டியில் ஏற்றாதீர்கள்" என்று வீட்டில் உத்தரவாகிவிட்டது.

மச்சினன் டெக்சாஸில் இருக்கிறான். செய்தி அங்கே போய்ச் சேர அரைமணி நேரம்கூட ஆகவில்லை. "மாமா, இதற்கெல்லாம் இங்கே மெக்கானிக்கிடம் போவதே இல்லை. சூப்பர் மார்க்கெட்டிலேயே கேஸ் டப்பா விற்கிறார்கள். குழாயை மாட்ட வேண்டியது, முள் பச்சைக்கு வரும்வரை ஏற்ற வேண்டியது. பத்து நிமிட வேலை" என்றான். எனக்கும் ஆசை பற்றிக்கொண்டது. நீர்ம ஆவியழுத்தம் என்று பதினோராம் வகுப்புக்கு இருபது வருடமாகப் பாடம் நடத்துகிறவன், ஒரு டப்பா வாயுவைத் தன் காரில் ஏற்றத் தெரியாதவனா?

இணையத்தில் வரவழைத்தேன். 450 கிராம் டப்பா, உள்ளே ஆர்-134ஏ என்னும் கார் ஏ.சி. வாயு. கூடவே ஒரு ரப்பர் குழாய், டப்பாவைத் துளையிடும் சிறிய திருகுக் குழாய், நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் தீட்டிய ஒரு கடிகார முகம். விளையாட்டுச் சாமான் போல இருந்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சித்திரைத் திருவிழா பார்த்தவர்களுக்கு எளிதாகச் சொல்லிவிடலாம். அழகர் வைகையில் இறங்க வரும்போது, தோல்பையில் தண்ணீர் நிரப்பி, அதன் வாயில் சிறு குழலைப் பொருத்தி, பையை அமுக்கிப் பீய்ச்சுவார்கள் அல்லவா? அழுத்தத்தில் இருக்கும் திரவம் ஊசித்துளை வழியாக வெளியேறிச் சாரலாகிறது. காரின் எக்ஸ்பான்ஷன் வால்வு செய்வதும் ஏறக்குறைய அதுதான். ஒரு வித்தியாசம் உண்டு. தண்ணீர் சாரலாகிவிட்டு நின்றுவிடும். ஆர்-134ஏ சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும் திரவம்; துளையைத் தாண்டி அழுத்தம் குறைந்ததும் கொதித்து ஆவியாகிறது. ஆவியாவதற்கான வெப்பத்தைக் கூலிங் காயிலிடமிருந்து, அதாவது காருக்குள் இருக்கும் காற்றிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிரும் அதே கணக்கு. அந்த ஆவியைக் கம்ப்ரசர் உறிஞ்சி, நசுக்கி, சூடாக்கி, ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கன்டன்சருக்குத் தள்ளும். அங்கே வெப்பத்தை வெளிக்காற்றில் விட்டுவிட்டு மறுபடியும் திரவமாகித் துளைக்கு வரும். மூடிய சுற்று. பானையில் தண்ணீர் குறையும், இதில் குறையக் கூடாது. இந்தக் கடைசி வாக்கியத்தை நான் சரியாக யோசித்திருந்தால் மீதிக் கதையே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, வேப்பமரத்தடியில் காரை நிறுத்திப் பானட்டைத் திறந்தேன். தெருப் பையன்கள் நான்கு பேர் கூடிவிட்டார்கள். தடித்த குழாய் தாழ்வழுத்தப் பக்கம், மெல்லிய குழாய் உயர்வழுத்தப் பக்கம். தடித்த குழாயின் மூடியில் தாழ்வழுத்தத்துக்கான ஆங்கில எழுத்து பொறித்திருக்கும். இரண்டு வாய்களின் விட்டமும் வேறு வேறு, தாழ்வழுத்த வாய் 13 மில்லிமீட்டர், மற்றது 16. டப்பாவோடு வரும் குழாய் சிறிய வாயில் மட்டுமே பொருந்தும். இது வெறும் வசதிக்காகச் செய்யப்பட்டதில்லை. வண்டி ஓடும்போது உயர்வழுத்தப் பக்கத்தில் நம் ஊர் வெயிலுக்கு 250 பி.எஸ்.ஐ.க்கு மேல்கூட ஏறும். டயரில் நாம் அடிப்பது முப்பதுச் சொச்சம். அங்கே டப்பாவை மாட்டினால் காரின் வாயு டப்பாவுக்குள் புகும், டப்பா வெடிக்கும்.

குழாயைத் தாழ்வழுத்த வாயில் அழுத்தினேன். "டக்" என்று பூட்டிக்கொண்டது, ஒரு நொடி சீறல். இன்ஜின் ஓடவில்லை. முள் நேராகச் சிவப்புக்குப் போய் நின்றது. "சார், ஃபுல்லாக இருக்கிறது" என்றான் ஒரு பையன். இன்ஜினை ஓடவிட்டு ஏ.சி.யைப் போட்டேன். கம்ப்ரசர் முகப்பில், அதை இன்ஜினோடு இணைக்கும் மேக்னட் கிளட்ச் ஒட்டியது, விட்டது, மறுபடி ஒட்டியது. முள் நீலத்துக்குக் கீழே விழுந்து துள்ளியது. வாயு குறைவு என்பதற்கு நல்ல அடையாளம் இந்த ஒட்டுவதும் விடுவதும். டப்பாவை நிமிர்த்திப் பிடித்துத் திருகைத் திறந்தேன். கவிழ்த்தால் திரவமாகவே உள்ளே போய்க் கம்ப்ரசரை உடைத்துவிடும் என்பது அச்சிட்ட தாளில் இருந்தது. தாளில் இருந்த நல்ல விஷயம் அது ஒன்றுதான்.

இரண்டு நிமிடத்தில் டப்பாவின் அடியில் பனி பூத்தது. வெயிலில் நிற்கும் கையில் அந்தக் குளிர்ச்சி ஒரு வினோத சுகம். பையன்கள் வரிசையாகத் தொட்டுப் பார்த்தார்கள். தொடுவதற்கு முன் நான் தடுத்திருக்க வேண்டும். திரவம் ஒரு துளி தெறித்து விரலில் பட்டால் தோல் உறைந்துவிடும், கண்ணில் பட்டால் கண் போய்விடும். கையுறையும் கண்ணாடியும் எனக்கு மட்டும் மாட்டியிருந்தேன். வாத்தியாரின் லட்சணம் அவ்வளவுதான்.

முள் பச்சைக்கு வந்தது. திருகை மூடினேன். டப்பாவில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சம் இருப்பது போலக் கையில் கனத்தது. துவாரத்தில் தெர்மாமீட்டர் 11 டிகிரி காட்டியது. டெக்சாஸுக்குப் படம் அனுப்பினேன். இரண்டு வியாழக்கிழமை மாமியார் குளுகுளுவென்று போய் வந்தார்.

அதற்குள் பதினோரு நாள் ஆகியிருந்தது. மறுபடியும் வெந்நீர்க் காற்று.

இந்த முறை கொஞ்சம் கோபமாகவே ஏற்றினேன். மிச்சம் இருந்ததைக் காலி செய்து, இன்னொரு டப்பாவையும் வரவழைத்து அதிலும் பாதியை உள்ளே தள்ளினேன். முள் பச்சையில்தான் இருந்தது, கொஞ்சம் மேல் ஓரமாக. ஏற்றி முடித்ததும் நன்றாகத்தான் குளிர்ந்தது. அடுத்த நாள் மாட்டுத்தாவணி சிக்னலில் நிற்கும்போது ஏ.சி. சூடாக ஊதியது. வண்டி நகர்ந்தால் குளிர்கிறது, நின்றால் சூடாகிறது. இன்ஜின் முக்கியது. பின்னால் நின்ற பஸ்காரர் ஹாரன் அடித்து உண்மையைச் சொன்னார்: பச்சை விளக்கு விழுந்துவிட்டது, நான் தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கோரிப்பாளையம் பக்கம் ஒரு சந்துக்குள் கார் ஏ.சி. மட்டும் பார்க்கிற பாய் ஒருவர் இருக்கிறார். அறுபது வயது இருக்கும். நான் சொன்னதையெல்லாம் காதில் வாங்கியபடியே கன்டன்சர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை கிராம் போட்டீர்கள் சார்?"

"பச்சை வரும்வரை போட்டேன் பாய்."

"பச்சை கிராம் இல்லையே சார்."

பானட்டின் உள்பக்கம் ஒட்டியிருந்த ஒரு சிறு ஸ்டிக்கரைக் காட்டினார். பன்னிரண்டு வருடமாக என் கண்ணெதிரே இருந்தது. ஆர்-134ஏ, 380 கிராம். பிறகு வாயுவைத் திரும்ப இழுத்துச் சேமிக்கும் இயந்திரத்தை மாட்டினார். அது உறுமி ஓய்ந்ததும் திரையில் 510 என்று காட்டியது. நூற்று முப்பது கிராம் கூடுதல். கன்டன்சரின் கீழ்ப்பாதியில் திரவம் தேங்கிவிட்டதால் வெப்பத்தை விட இடமில்லாமல் அழுத்தம் ஏறியிருக்கிறது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்றால் சமாளித்திருக்கிறது. சிக்னலில் நின்றதும் உயர்வழுத்த சுவிட்ச் கம்ப்ரசரைத் துண்டித்திருக்கிறது. அந்த சுவிட்ச் இல்லாவிட்டால் நான் கம்ப்ரசருக்கும் சேர்த்து அழுதிருப்பேன்.

முள் ஏன் ஏமாற்றியது என்பதை அங்கே ஸ்டூலில் உட்கார்ந்து யோசித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. நான் வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிற விஷயம் அது. மூடிய கலத்தில் திரவமும் அதன் ஆவியும் சேர்ந்து இருந்தால், அழுத்தத்தை முடிவு செய்வது வெப்பநிலை மட்டுமே. அளவுக்கு அதில் பங்கு கிடையாது. ஆர்-134ஏ 35 டிகிரியில் ஏறக்குறைய 114 பி.எஸ்.ஐ. காட்டும். டப்பா நிறைய இருந்தாலும் அதே 114, அடியில் இரண்டு ஸ்பூன் இருந்தாலும் அதே 114. சமையல் சிலிண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். தீர்ந்துபோகும் நாள் வரை அடுப்பு ஒரே மாதிரிதானே எரிகிறது? அதனால்தானே நம் வீட்டுப் பெண்கள் சிலிண்டரை ஈரத்துணியால் துடைத்து, எந்த உயரம் வரை ஈரம் காயாமல் நிற்கிறது என்று பார்த்து மிச்சத்தைக் கண்டுபிடிக்கிறார்கள்? இன்ஜின் ஓடாதபோது அந்தப் பையன் "ஃபுல்" என்று வாசித்த சிவப்பு, வெயிலின் அளவு; கேஸின் அளவு இல்லை. அவனைச் சொல்லிக் குற்றமில்லை, நானும் ஒரு கணம் அப்படித்தான் நினைத்தேன்.

இன்ஜின் ஓடும்போது முள் கொஞ்சம் பேசும், ஆனால் தெளிவாகப் பேசாது. தாழ்வழுத்தம் வெளி வெப்பம், இன்ஜின் வேகம், உள்விசிறியின் வேகம், கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று எல்லாவற்றுக்கும் ஆடும். மே மாதத்து மதுரையையும் மார்கழிக் கொடைக்கானலையும் ஒரே பச்சைப் பட்டைக்குள் அடைத்துக் கொடுத்தால் அது எதைத்தான் சொல்லும்? மெக்கானிக் இரண்டு கடிகாரங்களை மாட்டி, இரு பக்க அழுத்தத்தையும் சேர்த்துப் படிக்கிறார். டப்பாக் குழாயில் ஒரு பக்கம் மட்டும்தான் தெரியும். ஏற்றிய டப்பாவை முன்னும் பின்னும் சமையலறைத் தராசில் நிறுத்திருந்தால் எத்தனை கிராம் உள்ளே போனது என்பதாவது தெரிந்திருக்கும். ஏற்கெனவே உள்ளே எவ்வளவு இருந்தது என்பது அப்போதும் தெரியாது. முழுக்க வெளியே எடுத்துவிட்டு, நிறுத்துப் போடுவது ஒன்றே நம்பகமான வழி.

அதைவிடப் பெரிய கேள்வியைப் பாய்தான் கேட்டார். "கேஸ் என்ன பெட்ரோலா சார், ஓடினால் தீர்ந்துபோக? போனது எங்கே என்று பார்க்காமல் போட்டுக்கொண்டே இருந்தால் எப்படி?"

டார்ச் வெளிச்சத்தில் அவர் காட்டிய இடத்தைக் குனிந்து பார்த்தேன். கன்டன்சரின் மெல்லிய அலுமினியச் சிறகுகளுக்கு நடுவே தும்பியின் இறக்கை ஒன்று, வேப்பம்பூ, வைக்கோல் துணுக்கு, கூடை நிறையத் தூசி. கீழ் இடது மூலையில் மட்டும் தூசியின் நிறம் வேறு. ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கறுத்து, ஈரமாக, பிசுபிசுப்பாக. வாயுவோடு கலந்து கம்ப்ரசர் எண்ணெயும் சுற்றிவருவதால், வாயு கசியும் இடத்தில் எண்ணெயும் கசியும், அதில் தூசி ஒட்டும். பாய் ஒரு ஷாம்பு பாக்கெட்டைக் கிழித்துத் தண்ணீரில் கரைத்துத் தூரிகையால் தடவினார். சில விநாடிகள் ஒன்றும் இல்லை. பிறகு கடுகளவில் ஒரு குமிழி எழுந்தது, மெதுவாக மிளகளவுக்கு ஊதி, உடைந்து, அடுத்தது எழுந்தது. மேலூர்ச் சாலையில் தார்ப்பாய் போடாமல் ஜல்லி ஏற்றிப் போகும் டிப்பர் லாரிகளுக்குப் பின்னால் நான் ஓட்டிய தூரமெல்லாம் அந்தக் குமிழியில் தெரிந்தது.

இனி என் வாயால் சொல்ல எனக்கே கூச்சமான பகுதி. செப்டம்பர் 16 ஓசோன் நாள் என்று பள்ளியில் ஓவியப் போட்டி நடத்துகிறவன் நான். குளோரின் உள்ள பழைய ஃப்ரியான் என்ற குளிர்சாதன வாயுக்கள் ஓசோனைத் தின்னும் என்று 1974-இல் மொலினாவும் ரோலண்டும் சொன்னது, 1987-இல் மான்ட்ரியல் உடன்படிக்கை, 1995-இல் அவர்களுக்குக் கிடைத்த நோபல் என்று மூச்சுவிடாமல் சொல்லுவேன். ஆர்-134ஏவில் குளோரின் இல்லை, ஓசோனுக்குத் தீங்கில்லை, சரி. ஆனால் நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 1,430 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். 380 கிராம் வானத்துக்குப் போனால் அது 543 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் வருவது 2.3 கிலோ. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் என் கார், மதுரைக்கும் சென்னைக்கும் கிட்டத்தட்ட நான்கு முறை போய்வந்தால் வெளியேறும் அளவு அது. வேப்பமரத்தடியில் பத்து நிமிடத்தில் நான் ஏற்றிய வாயுவின் பெரும்பகுதி பதினோரு நாளில் அந்த மிளகளவுக் குமிழி வழியாகப் போயிருக்கிறது. அது வளிமண்டலத்தில் பதினான்கு வருடம் போலத் தங்கும். எனக்கு ஓய்வுபெற இன்னும் ஒன்பது வருடம்தான் இருக்கிறது.

இந்த வாயுக்களைக் குறைக்க 2016-இல் கிகாலியில் ஒப்பந்தம் ஆனது. இந்தியா 2021-இல் அதை ஏற்றது. 2032-இல் தொடங்கி 2047-க்குள் 85 விழுக்காடு குறைக்க வேண்டும். வெளிநாடுகளில் புதிய கார்கள் ஆர்-1234ஒய்எஃப் என்ற வாயுவுக்கு மாறிவிட்டன. அதன் வெப்பக் கணக்கு மிக அற்பம், ஆனால் இலேசாகத் தீப்பிடிக்கும். அந்த வாயு உள்ள வண்டியில் ஆர்-134ஏ டப்பாவைச் செருக யாரும் முயல வேண்டாம். வாய்களின் வடிவமே வேறு, இருந்தாலும் மாற்றுவாய் வைத்துச் செருகிவிடும் மகராசர்கள் நம் ஊரில் உண்டு.

பாய் முன்பெல்லாம் பழைய வாயுவைத் திறந்துவிட்டுவிடுவாராம். இப்போது இயந்திரத்தில் சேமிப்பது பூமிக்காக இல்லை, கேஸ் விலைக்காக என்று ஒளிக்காமல் சொன்னார். எந்தக் காரணமானால் என்ன.

டப்பா வாயுவைப் பற்றி அவருக்கு இன்னொரு புகார் இருந்தது: உள்ளே இருப்பது என்ன என்று யாருக்குத் தெரியும்? மலிவு டப்பாக்களில் பியூட்டேன், புரொப்பேன் கலந்து வருவது உண்டு. குளிரும், கசிந்தால் தீயும் பிடிக்கும். இதைவிடக் கொடியது மெத்தில் குளோரைடு. 2011-இல் போலி ஆர்-134ஏவில் அது கலந்திருந்ததால், கப்பலில் போகும் குளிர்சாதனக் கன்டெய்னர்கள் வெடித்துத் தொழிலாளிகள் இறந்தார்கள். மெத்தில் குளோரைடு அலுமினியத்தோடு சேர்ந்து, காற்று பட்டவுடன் தானே எரியும் பொருளாக மாறிவிடும். காரின் கன்டன்சரும் கூலிங் காயிலும் அலுமினியம்தான்.

புதிய கன்டன்சர், ஈரத்தை உறிஞ்சும் புதிய டிரையர், இணைப்புகளுக்குப் பச்சை நிற ரப்பர் ஓ ரிங்குகள், அளந்து கொஞ்சம் எண்ணெய். பிறகு வேக்குவம். இந்த வேலையை டப்பாக்காரர்கள் யாரும் செய்வதில்லை. குழாய்களைத் திறந்தபோது உள்ளே போன காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து இழுத்தாக வேண்டும். இந்த எண்ணெய் ஈரத்தை உப்பு போல உறிஞ்சும். ஈரம் தங்கினால் அமிலமாகிக் குழாயை அரிக்கும், இல்லையென்றால் வால்வின் துளையில் பனிக்கட்டியாகி அடைக்கும். அழுத்தம் காற்றழுத்தத்தில் பதினெட்டில் ஒரு பங்காக இறங்கினால் 35 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்து ஆவியாகிவிடும், பம்ப் அதை இழுத்துவிடும். ஊட்டியின் குளிரில் இதே வேலைக்கு இன்னும் ஆழமான வேக்குவம் வேண்டும். மதுரை வெயில் என் காருக்குச் செய்த ஒரே உபகாரம் இது. முக்கால் மணி நேரம் பம்ப் ஓடியது. நிறுத்திவிட்டு, முள் அசைகிறதா என்று பார்க்க, இரண்டு பேரும் சந்து முனையில் பன்னீர் சோடா குடித்துவிட்டு வந்தோம். முள் அசையவில்லை. பாய் சிலிண்டரைத் தராசில் வைத்தார், எண்கள் இறங்கின, 380-இல் வால்வை மூடினார்.

வீட்டிலேயே எதுவும் செய்யக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். கன்டன்சரை மெதுவாக விழும் தண்ணீரால் கழுவலாம். அதிவேகப் பம்ப் வைத்தால் சிறகுகள் மடங்கிவிடும். டாஷ்போர்டுப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் காற்று வடிகட்டியை எடுத்துத் தட்டலாம். என்னுடையதில் ஒரு வீட்டுப்பல்லியின் எலும்புக்கூடு இருந்தது. ஏ.சி. போட்டதும் முன்விசிறி சுற்றுகிறதா என்று பார்க்கலாம். கறுத்த பிசுபிசுப்பைத் தேடிச் சோப்புத் தண்ணீர் தடவலாம். பம்ப், இரட்டைக் கடிகாரம், தராசு மூன்றையும் வாங்கி முறையாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. கசிவை அடைப்பதாகச் சொல்லி விற்கும் பசை டப்பாவை மட்டும் தொட வேண்டாம். அது வால்வையும் அடைக்கும், பாயின் இயந்திரத்தையும் அடைக்கும், அப்புறம் அவர் உங்கள் வண்டியைச் சந்துக்குள்ளேயே விடமாட்டார்.

பாதி டப்பா ஒன்று பரணில் இருக்கிறது. மச்சினனிடம், டப்பா நன்றாகத்தான் வேலை செய்தது, கார்தான் சரியில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

அடுத்த வியாழக்கிழமை தெர்மாமீட்டர் 8 டிகிரி காட்டியது. அதை மாமியாருக்குக் காட்டவும் செய்தேன். அவர் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். உத்தங்குடி தாண்டுவதற்குள், "ரொம்பக் குளிர்கிறது மாப்பிள்ளை, அதைக் கொஞ்சம் அணைத்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை இறக்கினார்.